மேன்முறையீடும் குழந்தையின் சாட்சியமும்

வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்புக்கு வருகின்றது எனக் கொள்வோம். பாதிக்கப்பட்டவள் பாடசாலைச் சிறுமி. எதிரிக் கூண்டில் நிற்பவர் அவள் வீட்டுக்கு நெடுநாள் அறிமுகமான மனிதர். நீதிபதி அவரைக் குற்றவாளியெனக் கண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கின்றார். சிறைச்சாலை வாகனம் புறப்படுகின்றது. சிறுமியின் தாயார் நெடுங்கேணி செல்லும் பேருந்தில் ஏறி அமருகின்றார். "எல்லாம் முடிஞ்சுது, இனி நிம்மதியாய் இரு பிள்ளை" என்று அயலவர் ஆறுதல் கூறுகின்றனர்.

ஆனால், சட்டத்தின் கணக்கில் அது முடியவில்லை. தண்டனை பெற்றவர் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவைக் கொடுக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்கு இடமளிக்கின்றது. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரிகள் வாயிலாகவே அம்மனுவைச் சேர்ப்பிக்கலாம். மனு கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும். ஆண்டுகள் சில கழித்து, "அந்த வழக்கு இன்னும் நடக்குதாம்" என்ற செய்தி மெல்ல ஊருக்கு வரும்போது, தாயாரின் நெஞ்சு மீண்டும் பதைக்கின்றது. குற்றவாளி என்று ஒரு நீதிபதி கூறிவிட்ட பின்னர் இன்னொரு நீதிபதி எதனைப் பார்க்கப் போகின்றார்? பிள்ளையை மீண்டும் கூண்டில் ஏற்றுவார்களோ? இக்கேள்விகள் வன்னிப் பெருநிலத்தில் இன்று எழாத ஊர் அரிது. ஆதலின் மேன்முறையீடு என்பது யாது, அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். மேன்முறையீடு குற்றவாளிக்குக் காட்டப்படும் சலுகையன்று. தனியொரு நீதிபதி, எத்துணைக் கற்றவராயினும், பிழை செய்யக்கூடும். அப்பிழையின் பயன் ஒரு மனிதனின் இருபது ஆண்டுகளாக இருக்கக்கூடும். குற்றமற்றவர் ஒருவர் சிறை சென்றால் அங்கே இரண்டு அநீதிகள் நிகழ்கின்றன. அவருடைய வாழ்வு அழிவது ஒன்று. உண்மையிற் குற்றம் புரிந்தவர் அதே கிராமத்தில், அதே பிள்ளைகளின் நடுவில், கவலையின்றி உலவுவது மற்றொன்று. எனவே மேன்முறையீட்டின் கதவை அடைத்துவிட வேண்டுமென்று கோருவோர், தாம் கோருவது இன்னதென்று அறியாதவரே ஆவர்.

இனி, அந்நீதிமன்றம் செய்வது என்ன என்று பார்ப்போம். அது வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பதில்லை. வழக்கமாகச் சாட்சிகள் எவரும் அங்கு அழைக்கப்படுவதில்லை; சிறுமியும் அழைக்கப்படுவதில்லை. தாய்மார் பலருடைய அச்சம் இவ்வொரு செய்தியாலேயே பாதி நீங்கும். நீதியரசர்கள் முன்னிலையில் இருப்பது ஒரு தடித்த கட்டுத் தாள். கீழ் நீதிமன்றத்தில் ஒவ்வொரு சாட்சியும் கூறிய ஒவ்வொரு சொல்லும், காட்டப்பட்ட ஆவணங்களும், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், இறுதியில் நீதிபதி எழுதிய தீர்ப்பும் அதில் அடங்கும். அந்த வழக்கேட்டைப் படித்து, இரு தரத்துச் சட்டத்தரணிகளின் வாதத்தையும் கேட்டு, மூன்று வினாக்களுக்கு அவர்கள் விடை தேடுகின்றனர். இச்சாட்சியத்தைக் கொண்டு நியாயமான மனிதர் எவரேனும் இம்முடிவுக்கு வந்திருக்க முடியுமா? நீதிபதி சட்டத்தைப் பிழையாகப் பொருள்கொண்டாரா? நடவடிக்கையில் நேர்ந்த ஏதேனும் குறையால் நீதி தவறியதா? சிறு குறைகள் யாவும் தீர்ப்பைக் கவிழ்த்துவிடா. எவருடைய உண்மையான உரிமையையும் பாதிக்காத வழுவுக்காகத் தீர்ப்பை மாற்றலாகாது என அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையே தடுத்து வைத்திருக்கின்றது.

ஆகவே மேன்முறையீட்டில் சிறுமி இல்லை. அவள் சொன்ன சொல் இருக்கின்றது. அவளுடைய நடுங்கும் குரலும், தாழ்ந்த தலையும், நீண்ட மௌனமும் இல்லை. தட்டச்சில் ஏறிய வாக்கியங்கள் இருக்கின்றன. ஏட்டில் ஏறாதது எதுவும் கொழும்புக்குப் போவதில்லை.

வன்னிப் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த ஏடு இன்னொரு படியையும் கடக்க வேண்டியிருக்கின்றது. வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் ஏடுகள் தமிழில் எழுதப்படுகின்றன. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ ஆங்கிலமே பெரிதும் வழங்குகின்றது. மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், ஏடுகள் அம்மொழியிலும் ஆயத்தம் செய்யப்படல் வேண்டும் என அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை விதிக்கின்றது. எனவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளை தன் வாயால் சொன்னது மொழிபெயர்ப்பாளரின் மேசையைக் கடந்தே நீதியரசர்களின் மேசையை அடைகின்றது.

பிள்ளைகள் இத்தகைய செய்தியை எவ்வாறு சொல்வார்கள்? நம்முடைய வீடுகளில் உடலின் சில உறுப்புகளுக்குப் பெயரே கிடையாது. பெயர் உண்டெனினும் அதைச் சொல்லும் பிள்ளை அடி வாங்கும். ஆகவே ஒன்பது வயதுப் பிள்ளை, "அவர் என்னோடை சேட்டை விட்டவர்" என்கிறது. மற்றொன்று, "கரைச்சல் குடுத்தவர்" என்கிறது. இன்னொன்று, "பிழையாய் நடந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றது. கேட்கும் தாய்க்கு இவற்றின் பொருள் உடனே புரிகின்றது. ஆனால் சேட்டை என்னும் சொல்லைக் குறும்பு என்னும் பொருளில் ஆங்கிலமாக்கினால் என்ன எஞ்சும்? பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றத்துக்குச் சட்டம் வேண்டும் கூறுகள் எவையும் அவ்வொரு சொல்லில் இல்லை. வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி, "சேட்டை என்றால் என்ன செய்தார், அம்மா? எந்த இடத்தில் தொட்டார்?" என்று பொறுமையாகக் கேட்டு, விடையை ஏட்டில் ஏற்றியிருந்தால் குறை தீர்ந்துவிடும். கேளாது விட்டிருந்தால், ஐந்தாண்டுகளின் பின்னர் கொழும்பில் எவராலும் அவ்விடத்தை நிரப்ப முடியாது.

முறைப்பெயர்களும் இப்படியே. வன்னியிற் பிள்ளைகள் அயல்வீட்டுக்காரரை மாமா என்பர். கடைக்காரரையும் மாமா என்பர். பொலிஸ் வாக்குமூலத்தில் "மாமா" என்றும், நீதிமன்றத்தில் "பக்கத்து வீட்டுக்காரர்" என்றும் சொல்லியிருந்தால், மொழிபெயர்ப்பில் அவர்கள் இருவேறு மனிதராகக் காட்சியளிக்கக்கூடும். நாளும் அவ்வாறே. குற்றப்பத்திரத்தில் ஒரு திகதி குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளையோ, "வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் இருந்த நாள்" என்கிறது. முல்லைத்தீவாருக்கு அஃது வைகாசியை அடுத்த நாட்கள் என்பது சொல்லாமலே விளங்கும். வற்றாப்பளை அம்மனை அறியாதவருக்கு ஒருவர் விளக்கித்தான் ஆகவேண்டும்.

இவ்வாறான வேறுபாடுகளை மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதை அறிய இந்திய வழக்கு ஒன்றை நோக்குதல் தகும். அயல் நாட்டு வழக்கு நமக்கெதற்கு என ஐயுற வேண்டுவதில்லை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு வரையப்பட்டது. இந்தியாவில் அச்சட்டம் 2024இல் புதிய சட்டத்துக்கு இடம் விட்டது. இலங்கையில் பழைய கட்டளைச் சட்டம் இன்றும் வழங்குகின்றது. ஒரே வேரினின்று முளைத்தமையால் இந்தியத் தீர்ப்புகளை இலங்கை நீதிமன்றங்கள் அடிக்கடி எடுத்தாளுகின்றன.

குசராத்து மாநிலத்தின் காந்திநகரில் 1975ஆம் ஆண்டு, அரச ஊழியர் ஒருவரின் வீட்டுக்கு அவருடைய மகளோடு விளையாடச் சென்ற சிறுமியர் இருவர் அவரால் துன்புறுத்தப்பட்டனர். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் என்னும் அவருடைய மேன்முறையீட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டு தீர்மானித்தது. சாட்சியத்தில் முரண்பாடுகள் உண்டு என்பது அவர் தரத்து வாதம். நீதிமன்றம் கூறிய விடையின் சாரம் இதுவாகும்: மனித நினைவு ஒளிப்படக் கருவியன்று, நேரத்தையும் தூரத்தையும் வரிசையையும் எவரும் பிசகாமற் சொல்லுதல் இயலாது, வழக்கின் ஆணிவேரைத் தொடாத வேறுபாடுகளுக்கு அளவுக்கு மிஞ்சிய மதிப்புக் கொடுத்தலாகாது. பழிக்கு அஞ்சி வாழும் சமூகத்திலே ஒரு பெண்ணோ சிறுமியோ இத்தகைய முறைப்பாட்டை எளிதில் முன்வைப்பதில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஆகையால் இன்னொருவர் கண்டதாகச் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சொல்லைத் தள்ளிவிடலாகாது என்றது. இலங்கையில் 1986ஆம் ஆண்டு அறிக்கையிடப்பட்ட சுனில் வழக்கும் இதற்கு அணித்தாகவே செல்கின்றது. உறுதிப்படுத்தும் வேறு சான்று இல்லாதபோது மிக்க எச்சரிக்கை வேண்டும்; ஆயினும் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாயின் அது மட்டுமே போதியதாகலாம் என்பது அதன் நெறி.

வேறுபாடுகளை விடப் பெருந்தடையாக எழுவது தாமதம். "இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?" என்பது எதிரித்தரப்புச் சட்டத்தரணியின் முதற் கேள்வி. ஊராரின் முதற் கேள்வியும் அதுவே. இக்கேள்விக்கு விடைகூறும் வழக்கொன்று தமிழகத்தில் நடந்தது. அதன் வேர் ஈழத்திலும் ஓடுகின்றது. மாத்தளையைச் சேர்ந்த பிரேமானந்தா என்னும் சாமியார் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் தமிழகம் சென்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த விராலிமலைப் பகுதியில் ஆச்சிரமம் ஒன்றை அமைத்தார். பெற்றோரை இழந்தும் வீடு வாசலை இழந்தும் நின்ற பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். ஈழத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். 1994ஆம் ஆண்டில் அங்கிருந்து தப்பி வெளியேறியவர்களின் வாயிலாகவே நடந்தது வெளிப்பட்டது. சிறுமியரும் இளம்பெண்களுமாகிய பதின்மூவரை வன்புணர்ந்தமைக்கும், ஒரு கொலைக்குமாகப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை விதித்த நீதிபதி பானுமதி. அவர் பின்னர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதியரசராக உயர்ந்தார்.

பிரேமானந்தா மேன்முறையீடு செய்தார். பெயர்பெற்ற சட்ட வல்லுநர்கள் அவருக்காக வாதிட்டனர். மாட்சி மிக்க இடத்தில் இருந்தவர். அடியார் பலர் உடையவர். உணவும் உறைவிடமும் கல்வியும் அவர் கையில். அவருக்கு எதிராகச் சொல்லிவிட்டு அப்பிள்ளைகள் எவ்வீட்டுக்குச் சென்றிருக்க முடியும்? தாமதத்தை அளக்கும்போது இக்கேள்வியை விட்டுவிட்டால் அளவுகோலே பிழைத்துப்போகும். அன்றியும் இவ்வழக்கில் சொல்லுக்குத் துணையாக விஞ்ஞானமும் நின்றது. கலைக்கப்பட்ட கரு ஒன்றின் மரபணு ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தில் சோதிக்கப்பட்டு, தந்தைமை நிறுவப்பட்டது. எதிரித்தரப்பு வெளிநாட்டு நிபுணரைக் கொண்டு அதனை மறுத்தது. நீதிமன்றங்கள் அம்மறுப்பை ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஏப்ரலிலும் தண்டனையை உறுதிசெய்தன. பிரேமானந்தா 2011ஆம் ஆண்டு, தண்டனைக் காலம் முடியாமலே காலமானார். முறைப்பாட்டிலிருந்து இறுதித் தீர்ப்புவரை பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிறுமியராய்ச் சாட்சி சொன்னவர்கள் முடிவைக் கேட்டபோது முழுப் பருவத்துப் பெண்களாகி இருந்தனர்.

2009ஆம் ஆண்டுப் போரின் முடிவில் தாய் தந்தையரை இழந்து, உறவினர் வீடுகளிலும் சிறுவர் இல்லங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் வன்னியிற் பலர். யாருடைய சோற்றை உண்கின்றார்களோ அவருக்கு எதிராகப் பேசுவது அவர்களுக்கு எளிதன்று என்பதைச் சொல்லவே இவ்வழக்கு இத்துணை விரித்துரைக்கப்பட்டது.

மேன்முறையீடு மறுபக்கம் சாய்ந்த கதையும் உண்டு. 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல் நிலையத்திலே ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி காவலர் இருவரால் கெடுக்கப்பட்டாள் என்பது முறைப்பாடு. அமர்வு நீதிமன்றம் காவலரை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 1976ஆம் ஆண்டு அவர்களைத் தண்டித்தது. துக்காராம் வழக்கென வழங்கும் அம்மேன்முறையீட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் விடுவித்தது. உடலிற் காயம் இல்லை, அவள் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை, ஆதலின் இணங்கினாள் என்ற கருத்துக்கு அங்கே இடம் தரப்பட்டது. இரவு வேளையில், கதவு சாத்திய காவல் நிலையத்தில், சீருடை அணிந்தவரை ஓர் ஏழைச் சிறுமி எதிர்த்துப் போராடியிருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது எந்த உலகத்து நியாயம்? சட்டப் பேராசிரியர் நால்வர் 1979ஆம் ஆண்டு தலைமை நீதியரசருக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். 1983ஆம் ஆண்டில் இந்தியச் சட்டமே திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில், இணங்கவில்லை எனப் பெண் கூறினால் இணங்கவில்லை என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்ற விதி அன்று பிறந்தது. ஆனால் அச்சிறுமியின் வழக்கு தோற்றது தோற்றதே.

அவ்வழக்கில் கவனிக்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. சிறுமியின் வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டதென மருத்துவர் மதிப்பிட்டார். திட்டமான பிறப்புப் பதிவு இருந்து, அவள் பதினாறுக்கு உட்பட்டவள் என நிறுவப்பட்டிருந்தால், இணக்கம் என்ற பேச்சுக்கே இடமிராது. இலங்கைச் சட்டமும் அத்தகையதே. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின்படி, பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமியின் இணக்கம் இணக்கமாகாது. ஆகவே வயதை நிறுவும் ஒரு துண்டுக் கடதாசி, சில வழக்குகளில் ஏனைய சான்றுகள் யாவற்றையும்விடக் கனமானது.

வன்னியில் அக்கடதாசியின் நிலை யாவரும் அறிந்ததே. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என ஓடிய குடும்பங்கள் உயிரைக் கொண்டு வந்தன. பெட்டியைக் கொண்டு வரவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் மூலப்பதிவு இருந்தால் பிரதி பெறலாம். அதுவும் இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. அதன் பெயரே அதன் பலவீனத்தைச் சொல்லிவிடுகின்றது. இத்தகைய நேரத்தில் பாடசாலை அனுமதி இடாப்பு பேருதவி புரியும். முதலாம் வகுப்பிற் சேர்ந்த நாளில், எவ்வழக்கையும் மனத்திற் கொள்ளாது எழுதப்பட்ட பிறந்த திகதி அன்றோ அது! அந்த இடாப்பைக் கறையான் அரிக்க விடும் அலுவலகம் என்ன இழக்கின்றதென்று அதற்கே தெரியாது.

விசாரணை நீதிபதி சாட்சியை நேரிற் கண்டவர். ஆதலின் சாட்சியின் நம்பகம் பற்றிய அவருடைய முடிவை, ஏட்டை மட்டும் பார்ப்பவர் இலேசாக அசைத்தலாகாது என்பது மேன்முறையீட்டின் பழைய நெறி. இந்நெறி பிள்ளைக்குப் பெருந்துணை. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது நீதிபதிகள் இடமாற்றம் பெறுகின்றனர். ஒருவர் சிறுமியின் சாட்சியத்தைக் கேட்கின்றார். அடுத்தவர் மருத்துவரின் சாட்சியத்தைக் கேட்கின்றார். மூன்றாமவர் தீர்ப்பை எழுதுகின்றார். முன்னவர் பதிந்த சாட்சியத்தை ஏற்றுத் தொடரச் சட்டம் அனுமதிக்கின்றது. எனினும் தீர்ப்பு எழுதியவரே பிள்ளையைக் காணாதவராயின், நேரிற் கண்டவர் என்ற பலம் குன்றிவிடுகின்றது. விசாரணை விரைவாக நடைபெற வேண்டுமென்று கேட்பது பிள்ளையின் துயரைக் கருதி மட்டுமன்று.

எதிரியின் கூற்றையும் தீர்ப்பு எடை போட்டிருத்தல் வேண்டும். சத்தியம் செய்யாது கூண்டிலிருந்தே அவர் கூறும் கூற்றுக்கும் நம் நாட்டில் மதிப்புண்டு. அதனை நம்பாவிடினும், அது நியாயமான ஐயத்தை எழுப்பினால் அவர் விடுதலைக்கு உரியவர் என்பது 1968ஆம் ஆண்டின் குலரத்ன வழக்கிலிருந்து வரும் விதி. "பிள்ளை பொய் சொல்லாது, ஆகவே எதிரி குற்றவாளி" என்று இரண்டு வரியில் எழுதி முடித்த தீர்ப்பு கேட்பதற்கு இனிமையாயிருக்கலாம், கொழும்பில் அது நிலைப்பது அரிது. காரணங்களை விரிவாக எழுதிய தீர்ப்பே பிள்ளைக்கு உண்மையான காவல்.

மேன்முறையீட்டில் விடுதலை வரும்போது ஊர் திகைத்துப்போகின்றது. சிறுமியர் பற்றிய வழக்கு அல்லவெனினும் விசுவமடு வழக்கை இங்கு நினைவுகூரலாம். போர் முடிந்து மீள்குடியேறிய பெண்களுக்கு 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் இழைக்கப்பட்ட கொடுமைக்காக, இராணுவத்தினர் நால்வருக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு அக்டோபரில் நீண்டகாலச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று வன்னியெங்கும் ஒரு நிமிர்வு தோன்றியது. 2019ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிமிர்ந்தவர்கள் மீண்டும் குனிந்தனர். ஒரு மேன்முறையீட்டு விடுதலை முறையிட்டவரைப் பொய்யரெனப் பிரகடனம் செய்வதில்லை. இன்னார்தாம் இதைச் செய்தார் என்பது நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை என்பதே அதன் சட்டப்பொருள். ஆனால் குடிசைக்குள் இருக்கும் பெண்ணுக்கு அச்செய்தியைக் கொண்டுசெல்பவர் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதில்லை; பெரும்பாலும் எவருமே எதுவும் சொல்வதில்லை.

தண்டனையின் அளவை மட்டும் எதிர்க்கும் மேன்முறையீடுகளும் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை வன்புணர்ந்தால் பத்து முதல் இருபது ஆண்டுகள் என்பது சட்டப்புத்தகத்தில் உள்ள அளவு. அநுராதபுர மேல் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு வினாவுக்கு, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் விடையளித்தது. அந்தக் குறைந்தபட்ச அளவு நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாது என்பதே அவ்விடை. ஏறத்தாழ ஒரே வயதுடைய இருவர் விரும்பிக் கூடிய வழக்கையும், முதியவர் குழந்தையைக் கெடுத்த வழக்கையும் ஒரே தராசில் வைத்தலாகாது என்ற அளவில் அவ்விடை நியாயமானதே. குழந்தையைக் கெடுத்தவருக்கும் அதைக் குடையாகப் பிடிக்க இடமளிப்பது வேறு செய்தி.

நீதியரசர்கள் தண்டனையை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், வேறு குற்றமாக மாற்றலாம், விடுவிக்கலாம். மறு விசாரணைக்கும் கட்டளையிடலாம். தாய்மார் அஞ்சவேண்டியது இவ்விறுதியானதையே. அப்போது மட்டுமே பிள்ளை மீண்டும் கூண்டேற நேரும். ஒன்பது வயதில் சொன்னதைப் பத்தொன்பது வயதில், கணவன் வீட்டாருக்கும் தெரியாமல், மீண்டும் சொல்ல வேண்டிவரலாம். கழிந்த காலத்தையும் சாட்சிகளின் நிலையையும் கருதியே நீதிமன்றங்கள் அக்கட்டளையை இடுகின்றன என்பது சிறிது ஆறுதல். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் மேலே, அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்தை அணுகவும் வழியுண்டு. எதிரிக்கு மட்டுமன்றிச் சட்டமா அதிபருக்கும் அவ்வழி திறந்திருக்கின்றது.

இத்தனையும் ஏட்டிலேயே தங்கியிருக்கின்றதெனில், ஏட்டின் முதல் வரி எங்கே எழுதப்படுகின்றது? நீதிமன்றத்திலன்று. பிள்ளை முதன்முதலில் யாரிடம் வாய் திறக்கின்றதோ, அங்கே. தாயிடமாக இருக்கலாம், அம்மம்மாவிடமாக இருக்கலாம், பெரும்பாலும் வகுப்பாசிரியையிடமாக இருக்கின்றது. நிகழ்ந்த காலத்தை அண்டி ஒருவர் சொன்ன கூற்று, அவர் பின்னர் நீதிமன்றில் கூறுவதை உறுதிப்படுத்தும் சான்றாகலாம் எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே கேட்ட ஆசிரியை தாமும் ஒரு சாட்சி. அவர் செய்ய வேண்டுவது துப்பறிதல் அன்று. பிள்ளை சொன்ன சொல்லை, சேட்டை என்றால் சேட்டை என்றே, திகதியும் நேரமும் இட்டு எழுதிவைத்தல், நாகரிகச் சொல்லாக மாற்றாதிருத்தல், "அவர் இப்படிச் செய்தாரா?" என விடையை வாயில் ஊட்டாதிருத்தல், பாடசாலையின் மானம் என்று சொல்லி மூடிவைக்காதிருத்தல், அன்றே பொலிசாரின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கோ அறிவித்தல். ஆசிரியர் ஊட்டிய சொல் ஒன்று வாக்குமூலத்திற் புகுந்துவிட்டால், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்ற வாதத்துக்கு அதுவே போதும்.

பிள்ளையின் கூற்றை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் காட்டுவதற்கு 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரவேண்டியிருப்பினும், முதற் கூற்று அதன் சொந்தக் குரலில், சொந்தச் சொல்லில் எஞ்சுகின்றது. பிள்ளையின் பெயரை வெளியிடுவதோ தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். நீதிமன்ற வளவிற் கண்டதைத் தேநீர்க் கடையில் விரிப்பவர்கள் இதை அறிந்திருப்பின் நன்று.

மேன்முறையீட்டின் நிலையை அறிந்துகொள்ளும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. குற்றச்செயல்களுக்கு ஆளானோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கென 2015ஆம் ஆண்டில் முதலில் இயற்றப்பட்டு, 2023ஆம் ஆண்டில் புதிதாக ஆக்கப்பட்ட சட்டம் அவ்வுரிமையைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் அறிவித்தல் எந்த முகவரிக்குப் போகும்? முறைப்பாடு கொடுத்த நாளில் எழுதிய முகவரிக்கு. அக்குடும்பமோ இடையில் உடையார்கட்டிலிருந்து பரந்தனுக்கும், பரந்தனிலிருந்து ஓமந்தைக்கும் மாறியிருக்கும். வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் புதிய முகவரியைப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, வழக்கு இலக்கத்தைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளுதல், தாயார் ஒருவர் யாருடைய உதவியுமின்றிச் செய்யக்கூடிய காரியம்.